கடைசி ஆளின் கால்களைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 28. ஊர் விக்கிரமசிங்கபுரம். பாளையங்கோட்டையில் ஒரு நிதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஆறு வருடமாக லீவு கிடைத்தால் மலைதான். மலைநம்பி கோயில், களக்காடு தலையணை, கேரளப் பக்கம் வழியாகப் பொதிகை எல்லாம் போய்விட்டேன். நண்பர்களோடு அனுமதி இல்லாத பாதைகளிலும் இரண்டு மூன்று முறை நடந்திருக்கிறேன். நடக்கத் தொடங்கினால் கூட வருகிறவர்களையே மறந்துவிடுவேன், அவ்வளவு ஒன்றிப்போய்விடுவேன். வரும் பங்குனியோடு வேலையை விட்டுவிட்டு மலை வழிகாட்டி ஆகலாம் என்று இருக்கிறேன். இதற்கு இமயமலையில் போய்ப் படிக்க வேண்டுமா? நெல்லைச் சீமையில் இருந்துகொண்டே பிழைக்க முடியுமா? "முன்பின் தெரியாத ஆட்களைக் கூட்டிக்கொண்டு பெண் பிள்ளை காட்டில் அலைவதா" என்று அம்மா கண்ணீர் விடுகிறார். நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் ஒரே வரியில் வந்து நின்றேன். நடக்கத் தொடங்கினால் கூட வருகிறவர்களை மறந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தனக்காக மலை ஏறுகிறவருக்கு அது பெரிய கொடுப்பினை. வழிகாட்டிக்கு அதைவிட ஆபத்தான குணம் வேறு இல்லை. பயிற்சி, வருமானம், வீட்டாரின் சம்மதம் எல்லாவற்றையும் பேசுவோம். முதலில் இதைப் பேசியாக வேண்டும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, பதினான்கு கல்லூரி ஆசிரியர்களை அனுமதி பெற்று மாஞ்சோலைக்கு மேலே அழைத்துப் போனேன். தூறல். சோலைக்குள் பாதை வளையும் இடத்தில் தலைக்கு மேல் இரண்டு இருவாட்சிகள் கடந்தன. அந்தச் சிறகோசையைக் கேட்டவர்களுக்குத் தெரியும். பழைய கரி ரயில் மூச்சு வாங்குவது போல இருக்கும். நான் அவற்றின் பின்னாலேயே கண்ணை ஓட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டேன். அடுத்த திருப்பத்தில் நின்று எண்ணினால் பதின்மூன்று பேர். திரும்பி ஓடினேன். நாற்பது நிமிடம் கழித்து அவரைக் கண்டேன். அடிப்பாகம் கழன்ற ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை அட்டை. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், கண் கலங்கியிருந்தது. சர்க்கரை நோய் இருப்பதை யாரிடமும் சொல்லவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. சாப்பாடு முழுவதும் என் பையில் இருந்தது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் ஏன் நோயைச் சொல்லவில்லை? நான் முறையாகக் கேட்கவில்லை, அதனால்தான். எல்லோருக்கும் முன்னால் "யாருக்காவது ஏதாவது பிரச்சினை இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டேன். சக ஆசிரியர்கள் சுற்றி நிற்கும்போது எந்த மனிதர் கையைத் தூக்குவார்? இப்போதெல்லாம் முந்தின நாளே ஒவ்வொருவரிடமும் போனில் தனித்தனியாகப் பேசுகிறேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கடைசியாக எப்போது ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நடந்தீர்கள், எதற்குப் பயப்படுவீர்கள் என்று கேட்கிறேன். மலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் தலை எண்ணுகிறேன். முன்னால் போகிறவரின் வேகத்தை நான் பார்ப்பதில்லை. கடைசியில் வருகிறவரின் கால்களைப் பார்க்கிறேன். பாதம் இழுபடுகிறதா, கல்லில் வைக்கும்போது தடுமாறுகிறதா, பேச்சு நின்றுவிட்டதா? கலகலப்பாகப் பேசி வந்தவர் திடீரென்று மௌனமாகிவிட்டால் அந்த இடத்திலேயே எல்லோரையும் உட்காரவைத்துவிடுவேன். கூட்டத்தின் வேகம் அவருடைய வேகம்தான்.

இந்தத் தொழிலில் உங்கள் மலை உங்களுக்குக் கிடைக்காது, தங்கையே. வேலை நாளில் உச்சியில் நிற்கும்போது உங்கள் முதுகு காட்சிக்கும் முகம் மனிதர்களுக்கும் திரும்பியிருக்கும். யார் விளிம்புக்கு நெருங்குகிறார், யார் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார், மேகம் எந்தப் பக்கம் கட்டுகிறது என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். இது பிடிக்காமல் இரண்டே ஆண்டில் விலகியவர்கள் பலரை எனக்குத் தெரியும். எல்லோரும் நன்றாக நடக்கக் கூடியவர்கள். மலையின் மேல் இருந்த பிரியமும் அவர்களுக்குத் தேய்ந்துபோனது, அதுதான் எனக்கு வருத்தம். உங்களுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு ஓடையைக் கல் கல்லாகத் தாண்டி அக்கரை சேர்ந்த அறுபது வயது அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். சிங்கவால் குரங்கை முதல் தடவை கண்ட பிள்ளை மூச்சுவிடவும் மறந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நான் தனியாக எத்தனை உச்சி ஏறியிருந்தாலும் அந்த நிறைவு கிடைத்திருக்காது. அந்த முகங்கள் உங்களுக்கும் அப்படிப் பட்டால் நீங்கள் இந்தத் தொழிலுக்கு உரியவர்.

அடுத்து, அனுமதி இல்லாத பாதைகள். கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றோடு நிறுத்திவிடுங்கள். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். தமிழ்நாட்டில் முதலாவது அதுதான். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கியவர்களை நினைத்துப் பாருங்கள். 23 உயிர்கள். பெரும்பாலும் உங்கள் வயதுப் பிள்ளைகள், பெண்கள் பலர். காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும். மனிதர் மேட்டில் ஓடும் வேகம் அதற்கு ஈடாகாது. அந்த மாதத்தில் அந்தச் சரிவில் ஆட்கள் இருந்திருக்கவே கூடாது. வழிகாட்டி என்பவர் போகக் கூடாத நாளில் "போகக் கூடாது" என்று சொல்லக் கூடியவர். காசு வாங்கியான பிறகும், பஸ் பிடித்து ஆட்கள் வந்து இறங்கிய பிறகும் சொல்ல வேண்டும்.

குரங்கணிக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்துகொண்டு போகும் திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பாதைகளில் வழிகாட்டிகளாக நிற்பவர்கள் மலைக் குடிகளையும் காட்டோர ஊர்களையும் சேர்ந்த இளைஞர்கள்; அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள். இது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இது மகிழ்ச்சி. அந்த வேலை அவர்களுக்கு உரியது. நானோ நீங்களோ அதில் கை வைக்கக் கூடாது.

ஏன் என்று ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். 1987-இல் அகத்தியமலையின், அதாவது நம் பொதிகையின், கேரளப் பக்கத்தில் தாவர ஆய்வாளர்கள் சிலர் காணிக்காரர்கள் என்ற மலைப் பழங்குடியினரை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு நடந்தார்கள். ஆய்வாளர்கள் களைத்து விழ, காணிகள் ஏதோ சிறு கனியை வாயில் போட்டுக்கொண்டு சளைக்காமல் நடந்தார்கள். அது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. மருந்துக்கான உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, அதற்காக 1997-இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. மூலிகை அறிவுக்கு உரியவர்களோடு பலனைப் பகிர்ந்துகொண்டதற்கு உலகம் முழுவதும் இன்றும் எடுத்துச் சொல்லும் உதாரணம் அது. அன்று வழி காட்டியவர்கள் வெறும் சுமை தூக்கிகளாக நடத்தப்பட்டிருந்தால் அந்தக் கனியின் கதை காட்டோடு போயிருக்கும்.

நம் பக்கம் இஞ்சிக்குழியிலும் சேர்வலாற்றிலும் மயிலாற்றிலும் காணிகள் வாழ்கிறார்கள். உங்கள் வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற மலை. அவர்களிடம் கேட்டுப் பழகுங்கள். அவர்கள் குடியிருப்புக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காமல், வனத்துறை வழியாகவோ அவர்கள் தலைவரான மூட்டுக்காணியிடம் முன்கூட்டியே சொல்லியோ போங்கள். யானை நேற்றுப் போனதா இன்று போனதா என்பதை அதன் சாணத்தைத் தொட்டும், அது ஒடித்த ஈத்தை மூங்கிலின் பச்சையைப் பார்த்தும் சொல்வார்கள். கரடியைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கூடுதலாகக் கேளுங்கள். வெளியூர்க்காரர்கள் புலியைக் கேட்டுப் பயப்படுவார்கள். அம்பாசமுத்திரம், கடையம், களக்காடு அடிவாரத்து விவசாயிகள் பயப்படுவது கரடிக்கு. புற்றைத் தோண்டிக்கொண்டிருக்கும் கரடிக்குச் சுற்றுப்புறம் தெரியாது. அருகில் போய்த் திடுக்கிடச் செய்தால் பாய்ந்துவிடும். அதனால் விடிகாலையிலும் அந்தியிலும் பாறை இடுக்குப் பாதைகளில் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். யானை இருக்கும் இடத்திலோ பேச்சே கூடாது. இந்த வேறுபாடு எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் தேர்வுக்கு வராது.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் மலைகளில் விலங்கால் இறந்தவர்களைவிட வெள்ளத்தில் இறந்தவர்களே அதிகம் என்பது என் அனுபவம். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கி ஒரு சிறுவனை அடித்துச் சென்றது நினைவிருக்கும். குளிக்கிற இடத்தில் மழை வேண்டியதில்லை. மேலே, கண்ணுக்குத் தெரியாத மடிப்பில் அரை மணி நேரம் கொட்டினால் போதும். ஓடையின் நிறம் லேசாகக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, நீரின் ஓசை கனத்தாலோ, பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும். ஓடையைத் தாண்டிப் போகும் எந்த நடையிலும் திரும்பி வரும்போது அதே ஓடை இருக்கும் என்று நம்பக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. நம் மண்ணில் மழை அப்படியும் பெய்யும்.

இனி பயிற்சி. இமயமலை கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் போய்வாருங்கள் என்பேன். உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் 1965 முதல் நடக்கிறது. டார்ஜிலிங்கில் இருப்பது அதைவிடப் பழையது, 1954-இல் தொடங்கியது. எவரெஸ்டில் முதலில் கால் வைத்த இருவரில் ஒருவரான டென்சிங் நோர்கே அங்கே பயிற்சித் தலைவராக இருந்தார். மணாலியிலும் ஒன்று உண்டு. அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம். அரசு நிலையங்கள் என்பதால் தனியார் நடத்தும் படிப்புகளைவிடக் கட்டணம் குறைவு. இடம் கிடைப்பதுதான் சிரமம். பல மாதம் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். அதில் 'ஏ' தரம் பெற்றால்தான் அடுத்த கட்டமான உயர்நிலைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். அதற்கும் மேலே, பிறருக்குக் கற்பிக்கும் முறை பற்றிய பயிற்சியும் மீட்புப் பயிற்சியும் இருக்கின்றன.

கயிறு கட்டுவதும் பனியில் நடப்பதும் முண்டந்துறையில் உதவாது. அங்கே வேறொன்று கிடைக்கும். அதிகாலை நான்கு மணிக்குக் குளிரில் எழுந்து, தன் மூட்டையைத் தானே சுமந்து, அலுத்துப்போன தோழியின் மூட்டையிலும் பாதியை வாங்கிக்கொண்டு நடக்கும் பழக்கம் அது. எவரெஸ்டை எட்டிய முதல் இந்தியப் பெண்மணி பச்சேந்திரி பாலும் உத்தரகாசி நிலையத்தில் பயின்றவர்தான். ஆனால் திரும்பி வந்ததும் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு "நான் வழிகாட்டி" என்று சொல்கிறவர்களை நான் கூட்டத்தோடு அனுப்ப மாட்டேன். நான்கு வாரம் கற்றுக்கொண்டவர், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமானது முதலுதவி. சாதாரண முதலுதவிப் பாடம் 108 வண்டி பதினைந்து நிமிடத்தில் வரும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. காட்டில் அந்த வண்டி நிற்கும் இடத்துக்கு நோயாளியைச் சுமந்து வரவே நான்கு மணி நேரம் ஆகலாம். அந்த நான்கு மணி நேரத்தை எப்படிக் கடத்துவது என்பதைச் சொல்லித்தரும் வனப்பகுதி முதலுதவிப் படிப்பு தனியாக இருக்கிறது. எழுபது எண்பது மணி நேரப் படிப்பு. மசூரி போன்ற இடங்களில் நடத்துகிறார்கள். கடன் வாங்கியாவது படியுங்கள் என்று நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். பாம்புக் கடியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுப் போடாதே, கீறாதே, உறிஞ்சாதே, ஆடாமல் அசையாமல் தூக்கிப் போ என்பது சொல்ல எளிது. சுற்றி நிற்கும் பத்துப் பேரில் ஒருவர் கயிற்றை எடுத்துக்கொண்டு வருவார். அவரை அதட்டாமல் தடுக்கத் தெரிய வேண்டும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கானது. மலையில் இருக்கும் குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யாது. இதையெல்லாம் தெரிந்திருந்தால்தான், எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு சீக்கிரம் என்ற முடிவை நடுக்கமின்றி எடுக்க முடியும். அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியா, நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியா என்பதை நடைக்கு முந்தின நாளே தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிழைப்பு. பங்குனியில் வேலையை விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைவிடப் பொருத்தமில்லாத மாதம் இல்லை. மாசி, பங்குனி தீக் காலம், பாதைகளை அடைத்துவிடுவார்கள். ஆனி, ஆடி சாரல். ஐப்பசி, கார்த்திகை அடைமழை. இரண்டு பருவமழையும் பெய்கிற மலை என்பது காட்டுக்கு வரம். வழிகாட்டியின் அடுப்புக்கு அப்படியில்லை. என் கணக்கில், நம் மலையில் மட்டும் ஆண்டுக்கு அறுபது நாள் வேலை கிடைத்தால் அது நல்ல ஆண்டு. அறுபது நாள் கூலியில் வீடு நடக்காது. எனவே மலை ஒன்றையே நம்பாதீர்கள்.

நெல்லைச் சீமையைப் போல ஐந்து திணையும் ஒருநாள் பயணத்துக்குள் அடங்கும் நிலம் வேறெங்கே இருக்கிறது? பொதிகையில் பிறந்த தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர் ஓடி புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மூன்று நாள் உங்களிடம் விட்டால், முதல் நாள் பாபநாசத்தில் ஆறு மலையை விட்டு இறங்கும் இடத்தைக் காட்டலாம். அடுத்த நாள் அம்பை, சேரன்மகாதேவிப் பக்கம் வாய்க்கால் வரப்பில் நடத்தி, அணைக்கட்டில் இருந்து வயலுக்குத் தண்ணீர் எப்படிப் பிரிகிறது என்று அவர்கள் கண்ணாலேயே கண்டுபிடிக்கச் செய்யலாம். மூன்றாம் நாள் திசையன்விளைக்கு அப்பால் சிவந்த தேரி மணலில் வெறுங்காலோடு நடத்தலாம். கூந்தன்குளத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு மரத்தில் கூடு கட்டும் நாரைகளைப் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த ஊர்ப் பாட்டிகளே அங்கே சிறந்த வழிகாட்டிகள். கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்கு ஏறும் குன்றும் ஒரு நடைதான். இவற்றுக்கெல்லாம் புலிகள் காப்பகத்தின் அனுமதி வேண்டியதில்லை, ஆண்டில் பெரும்பகுதி நடக்கலாம். பள்ளிகளும் கல்லூரிகளும் இப்படிப்பட்ட ஆளைத் தேடிக்கொண்டிருக்கின்றன. வைகாசியிலும் புரட்டாசியிலும் இமயமலையில் நடை நடத்தும் நிறுவனங்கள் உதவி வழிகாட்டிகளை எடுப்பார்கள். பயிற்சி முடித்த பிறகு அங்கும் இரண்டு பருவம் உழைத்துப் பாருங்கள்.

நிறுவனங்களில் சேரும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? தொடக்கத்தில் நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இரண்டு பேரை வைத்து நாற்பது பேரை ஏற்றச் சொன்னார்கள். நான் மறுத்தேன், அந்த மாதச் சம்பளம் வரவில்லை. இன்றும் அதற்காக வருந்தியதில்லை. காப்பீடு, சுற்றுலாத் துறைப் பதிவு, வருகிறவர்களிடம் எழுதி வாங்கும் ஒப்புதல் ஆகியவற்றை மாவட்டச் சுற்றுலா அலுவலகத்திலும் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டு முறையாகச் செய்துகொள்ளுங்கள். கணக்கு எழுதும் உங்களுக்கு அது பாரமாக இருக்காது.

ஆகவே வேலையை இப்போது விடாதீர்கள். இரண்டு ஆண்டு அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுக்கு ஓராண்டுப் பணம் தனியாகச் சேரட்டும். சம்பளமில்லா விடுப்பு கேட்டு அடிப்படைப் பயிற்சியை முடியுங்கள். மணிமுத்தாற்றில் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அவர்கள் நடத்தும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேருங்கள். நீங்கள் நின்று பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியவர்; குளக்கரையில் மூன்று மணி நேரம் பறவை எண்ணினால் அது வந்துவிடும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் காட்டுக்குள் கூடும் கூட்டத்தைச் சிறு வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். இந்த முறை தன்னார்வலராகப் போங்கள். ஆற்றில் துணியை விடாதீர்கள், பிளாஸ்டிக்கைப் போடாதீர்கள் என்று பக்தியோடு வந்தவர்களிடம் மனம் நோகாமல் சொல்லிப் பாருங்கள். ஒரு கூட்டத்தைக் கையாளும் குரல் உங்களிடம் இருக்கிறதா என்பது இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

அம்மாவைப் பற்றிக் கடைசியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அவருடைய பயத்தைப் பழமை என்று ஒதுக்காதீர்கள். நீங்கள் நாளை அழைத்துப்போகப் போகும் ஒவ்வொரு பெண்ணின் வீட்டிலும் அதே பயம் இருக்கும். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லத் தெரிந்த வழிகாட்டிகள் நம் பக்கம் மிகக் குறைவு. மாதவிலக்கு நாளில் நடக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது, ஒதுங்க மறைவிடம் எங்கே, இரவு தங்கினால் கூடாரம் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் பெண்கள் கல்லூரி மாணவிகள் என்னிடம் கேட்கத் தயங்குவார்கள். கேட்காமலே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு மயங்கி விழுந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். உங்களிடம் கேட்பார்கள். பொதிகைக்கு நீங்கள் கேரள வழியாகப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதை பெண்களுக்குத் திறந்தது 2018 இறுதியில் வந்த உயர்நீதிமன்றத் தீர்ப்பால்தான். தீர்ப்புக்குப் பிறகு, 2019 ஜனவரியில், தன்யா சனல் முதல் பெண்ணாக அந்த 1868 மீட்டர் உச்சிக்குப் போனார். அம்மாவிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள். ஆனால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள்.

அடுத்த மாதம் கூட்டமில்லாத ஒரு நாளில் அம்மாவைத் திருக்குறுங்குடிக்கு அழைத்துப் போங்கள். மலைநம்பி கோயிலுக்கு ஜீப் இருக்கிறது என்பார்கள்; சோதனைச் சாவடியில் கேட்டுக்கொண்டு, முடிந்த தூரம் அவரோடு நடந்து போங்கள். முந்தின நாள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எங்கே உட்காரலாம் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அவர் முகத்தைப் பார்த்து முந்திக்கொண்டு உட்காருங்கள். அவர் கேட்கும் முன் தண்ணீரை நீட்டுங்கள். நம்பியாற்றின் ஓசை கேட்கத் தொடங்கும் இடத்தில் உங்கள் கால் தானாக வேகமெடுக்கும். அப்போது பின்னால் திரும்பி அவருடைய பாதங்களைப் பாருங்கள். திரும்பி வரும் வழியில் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். உத்தரகாசி விண்ணப்பத்தை நிரப்ப நான் உதவுகிறேன்.